டாக்டர், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு தடவை கேளுங்கள்

மாலை நேர கிளினிக்குகளில் உட்காரும் பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 51. நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு ஆஸ்துமா வந்தது. கடை சாத்த இரவு ஒன்பதரை ஆகும். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பத்தரை, படுக்கப் பதினொன்று. ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நாலு வருஷம் இப்படியே போயிற்று. டாக்டர்கள் மாறினார்கள், சீட்டுகள் மாறின. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டவர் ஒரு நெஞ்சுநோய் மருத்துவர். சின்ன வயதுப் பெண். “படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதா?” என்றார். “வரும் மேடம், ஆனா அது கேஸ்தானே?” என்றேன். இளைப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நோயாளி தானாகச் சொல்லாததைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

உங்களுக்குத் தெரிந்த பாடத்தை உங்களுக்கே ஒப்பிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் இல்லையா, அவர்களுக்காக. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் கருவில் ஒரே குழாயிலிருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் வேகஸ் என்ற ஒரே நரம்பு போகிறது. அதனால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அமிலம் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகலாம். சிலருக்கு அமிலம் தொண்டை வரை ஏறி, தூக்கத்தில் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கிவிடுகிறது.

ஆஸ்துமாவும் தன் பங்குக்கு எதுக்களிப்பை, அதாவது அமிலம் மேலே ஏறுவதை, கிளப்பிவிடும். காற்று வெளியேறாமல் நுரையீரல் உப்பும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் தட்டையாகிறது. இரைப்பையின் வாயில் இருக்கும் வால்வை இறுக்கிப் பிடித்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு, அந்தப் பிடி தளர்கிறது. ஒவ்வொரு இருமலும் வயிற்றை வேறு அழுத்துகிறது. 2007-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு எதுக்களிப்புத் தொல்லை இருந்தது. ஆஸ்துமா இல்லாதவர்களில் அது 38. ஆனால் எது எதைக் கொண்டுவந்தது என்று இந்தக் கணக்கு சொல்லாது.

என் பழைய சீட்டு ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இளைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை இரண்டு வேளை, கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் ஒரு வேளை. தியோஃபிலின் மூச்சுக்குழாயோடு அந்த வால்வையும் தளர்த்தக்கூடியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு மாத்திரை கதவைத் திறந்துவிட, இன்னொன்று வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது! அந்த பான்டோப்ரசோலையும் மருந்துக்கடைக் கவரில் ‘சா.பி’, அதாவது சாப்பிட்ட பின், என்று எழுதியே கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரையை நான் நாலு வருஷமாக இட்லி தின்றுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, நாளை முதல் இளைப்பென்று வருகிற எல்லோருக்கும் கேஸ் மாத்திரை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தப் பயம் எனக்கு நிறையவே இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. ஆஸ்துமா கட்டுக்குள் வராத, ஆனால் நெஞ்செரிச்சல் அதிகம் இல்லாத 412 பேர். பாதிப் பேருக்கு அமிலத்தைக் குறைக்கும் எஸோமெப்ரசோல் 40 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 24 வாரம். கடைசியில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டு அமிலத்தை அளந்தபோது சுமார் 40 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு இருந்தது, அவர்களுக்கும் பலன் இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2006-ல், அதே மாத்திரையை வைத்து 770 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், எதுக்களிப்பும் ராத்திரி இளைப்பும் சேர்ந்தே இருந்தவர்களுக்கு மட்டும் மூச்சை வெளியே ஊதும் வேகம் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான்.

சரி, அப்படியானால் மாத்திரை யாருக்கு? நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவருக்கு, அந்தத் தொல்லைக்காக. அதையும் இரண்டு மூன்று மாதம் என்று நாள் குறித்துக் கொடுங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் தினம் ஊதி நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள். யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருஷக்கணக்காக விழுங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ரத்தத்தில் மெக்னீசியமும் பி12-ம் குறைய வாய்ப்புண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாத்திரைக்கு முன்னால் இன்ஹேலரை எடுத்து உங்கள் எதிரிலேயே ஒரு தடவை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் மருந்தை நாக்கின் மேல் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மேடம் இன்ஹேலரில் மாட்டிக்கொள்ளும் ஸ்பேசர் என்ற குழலைக் கொடுத்துக் காட்டித் தந்த பிறகுதான் மருந்து நெஞ்சுக்குள் போனது. நெஞ்செரிச்சல் குறைந்துவிட்டது என்று ஸ்டீராய்டு இன்ஹேலரை நாங்களாக நிறுத்திவிடுவோம், அப்படி நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தேன், ஏறக்குறைய ஆறு அங்குலம் உயர்ந்தது. தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்துவதுதான் மிச்சம். முதல் வாரம் நானும் என் மனைவியும் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே இருந்தோம். பாயில் படுப்பவருக்குச் செங்கல் உதவாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே டிபன் கேரியரில் கடைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். முதலாளி முதலில் முறைத்தார், இப்போது அவரும் ஏழரைக்குச் சாப்பிடுகிறார்.

செங்கல், சாப்பாட்டு நேரம், ஸ்பேசர், மாற்றிய மருந்து என்று எல்லாம் ஒரே மாதத்தில் நடந்ததால் எது கேட்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முன்பு வாரத்தில் நாலைந்து ராத்திரி எழுந்துகொண்டிருந்தவன், இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை எழுகிறேன்.

கூட்டம் எவ்வளவு, ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்பதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுப்பீர்கள், புளித்த தண்ணீர் மேலே வருமா என்ற மூன்றையும் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்குள் கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு ஆஸ்துமாக்காரன்