சுவருக்குள் போவதை யார் வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட வேலையில் 'கூலி மட்டும் பேசிவிட்டுப் பொருளை நாமே வாங்கித் தந்தால் மிச்சம்' என்று வீட்டுக்காரர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். கான்ட்ராக்டர் பொருளின் மேல் லாபம் வைப்பது உண்மைதான். அதில் ஏற்றுகூலி, உடைசல், கடைக்கு அலைச்சல், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அடக்கம். நாம் வாங்கினால் இவை நம் தலையில். கொத்தனார் வந்து நிற்கும்போது டைல்ஸ் வராவிட்டால், அன்றைய கூலியும் தண்டம்.

இதைவிடப் பெரிய சிக்கல், பொறுப்பு யாருக்கு என்பது. குளியலறைச் சுவரில் டைல்ஸ் பெயர்ந்து வருகிறது என்று வையுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ், அதாவது கண்ணாடி போல் இறுகச் சுட்ட டைல்ஸ், 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை இழுக்காது. வெறும் சிமென்ட் பால் அதன் முதுகில் பிடிக்காது. அதற்கென உள்ள பசையைப் பல் வைத்த கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அப்பினால், நாணயத்தால் தட்டும்போதே உள்ளே வெற்றிடம் இருக்கும் சத்தம் கேட்கும். பசையை வீட்டுக்காரர் வாங்கியிருந்தால் 'சரக்கு சரியில்லை' என்பார் கான்ட்ராக்டர். 'ஒட்டிய விதம் சரியில்லை' என்பார் கடைக்காரர்.

ஆகவே டைல்ஸ், குழாய் முகப்பு, விளக்கு, சுவிட்ச் என்று கண்ணுக்குத் தெரிவதை நாம் வாங்கலாம். சுவருக்குள் மறையும் பைப், ஒயர், பசை, கசிவுத் தடுப்புப் பூச்சு ஆகியவற்றைக் கான்ட்ராக்டரே வாங்கட்டும். கம்பெனி, தரம், அளவு மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டுங்கெட்டான் ஒன்று உண்டு: ஷவர் டைவர்ட்டர், அதாவது தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் திருகு. அதன் உடல் சுவருக்குள், கைப்பிடி வெளியே. இரண்டையும் ஒரே கம்பெனியில் ஒருவரே வாங்க வேண்டும். பொருந்தாதது தெரிவது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான்.

டைல்ஸ் வாங்குவோர் பரப்பளவுக்கு மேல் 10 சதவீதம், சாய்வாகப் பதிப்பதானால் 15 சதவீதம் கூடுதலாக எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பிறகு போய் வாங்கும் இரண்டு பெட்டி அதே நிறத்தில் கிடைக்காது.

சிமென்ட்டை மொத்தமாக வாங்கி அடுக்குவது வீண். 3 மாதத்தில் வலு கணிசமாகக் குறைந்துவிடும். வைத்தே ஆகவேண்டுமானால் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, 10 மூட்டை உயரத்துக்கு மிகாமல்.

கம்பியை யார் வாங்கினாலும் எண்ணாதீர்கள், எடை போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.7 கிலோ.

பொருள் எந்தத் தேதிக்குள் தளத்துக்கு வரும், இறக்கும்போது யார் சரிபார்ப்பது, மிஞ்சியது யாருக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கடைசி நாள் தகராறு பெரும்பாலும் அரை மூட்டை சிமென்ட்டுக்கும் ஒரு சுருள் ஒயருக்கும்தான்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்