ஜப்பான் பயணம்: புறப்படும் முன் வீட்டில் பேச வேண்டியவை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மே மாதம் இரண்டாம் பாதியில் நம் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா ஆகிய ஊர்களுக்குப் போகிறார்கள். மே முதல் வாரம் அங்கே தொடர் விடுமுறை, எங்கே பார்த்தாலும் கூட்டம். அதனால்தான் தேதியைத் தள்ளி வைத்தோம். விசா, விமானம் பற்றிக் கூட்டத்தில் பேசியாகிவிட்டது. அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதை வகுப்பில் சொல்லிவருகிறோம். ‘செய்யாதே’ என்று மட்டும் சொன்னால் இந்த வயதில் காதில் ஏறாது. காரணத்தையும் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் காரணங்கள் உங்களுக்கும் தெரிந்திருந்தால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

எனக்குக் கவலை அதிகம் மருந்து விஷயத்தில்தான். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கிறதே என்று கைக்கு வந்ததைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, இன்ஹேலர் எதுவானாலும் அட்டை பிரிக்காமல், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொடுத்தனுப்புங்கள்.

சாப்பாட்டில், உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய் என்று கறி சேர்ந்த எதையும் கொண்டுபோக முடியாது. மாம்பழ சீசன்தான், ஆனாலும் வேண்டாம். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, முறுக்கு, கடலைமிட்டாய் போதும். சைவப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே சூப், நூடுல்ஸ் பலவற்றுக்கும் அடிப்படையே உலர்த்திய மீனில் இறக்கிய சாறு. தட்டில் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் அது சைவம் என்று அர்த்தமில்லை. கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட்தான். செல்போன் சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முனை அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

அடுத்து ரயில். நிற்கும் நேரம் மிகக் குறைவு, கதவு யாருக்காகவும் காத்திருக்காது. குழுவில் பாதிப் பேர் ஏறி, மீதிப் பேர் நடைமேடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? விட்டுப்போனவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. அடுத்த ரயிலில் ஏறித் தேடி வரவும் கூடாது. ரயிலில் போனவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நிற்பார்கள், ஆசிரியர் ஒருவர் திரும்பி வருவார். இதை மட்டும் பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்படியும் தனியாக மாட்டிக்கொண்டால், தெருமுனைகளில் ‘கோபன்’ என்ற சிறு காவல் நிலையங்கள் இருக்கும். விடுதி முகவரி அட்டையைக் காட்டினால் போதும். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. வெளிநாட்டுப் பயணிகளில் 16 வயது நிரம்பியவர்கள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ரயிலுக்குள் யாரும் போனில் பேச மாட்டார்கள். அதனால் பகலில் அழைக்காதீர்கள். இங்கே மாலை 5 மணி என்றால் அங்கே இரவு எட்டரை. பிள்ளைகள் விடுதிக்கு வந்திருப்பார்கள், அப்போது நிதானமாகப் பேசலாம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் பாய் விரித்த அறையில் உள்செருப்பும் கூடாது, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அங்கே சாப்பிடப் பயன்படுத்தும் குச்சியைச் (சாப்ஸ்டிக்) சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ஏனென்றால் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். காரணம் தெரிந்த பிள்ளை விளையாட்டுக்குக்கூட இதைச் செய்யாது. கியோட்டோவின் கியோன் பகுதியில் சில சந்துகள் தனியாருடையவை. பயணிகள் தொல்லை பொறுக்காமல் உள்ளே வரத் தடை போட்டிருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போகும் கெய்ஷாக்களை, அதாவது பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்களை, வழிமறித்துப் படம் எடுக்கக் கூடாது.

ஹிரோஷிமாவுக்குப் போகுமுன் சடாகோ சசாகியைப் பற்றிச் சொல்லுங்கள். 1945இல் குண்டு விழுந்தபோது இரண்டு வயது. ரத்தப் புற்றுநோய் வந்து 1955இல் 12 வயதில் இறந்த சிறுமி. படுக்கையில் காகிதக் கொக்குகள் மடித்த அவளின் நினைவாக எழுந்த சின்னத்துக்கு இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் கொக்குகள் மடித்துக் கொண்டுவருகிறார்கள். நம் பிள்ளைகளும் மடித்து எடுத்துப்போகிறார்கள். அந்த வளாகத்தில் செல்ஃபி எடுத்துச் சிரிப்பதை நான் அனுமதிக்கப் போவதில்லை.

நிலநடுக்கம் வந்தால் வெளியே ஓடாமல் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும், லிஃப்டில் ஏறக் கூடாது. கடலோரம் என்றால் ஆட்டம் நின்றதும் மேடான இடத்துக்குப் போக வேண்டும். இதற்குப் பள்ளியிலேயே பயிற்சி கொடுக்கிறோம்.

சரி, இப்போது உங்களிடமிருந்து எங்களுக்குத் தேவை ஒன்றுதான். பிள்ளை கொண்டுபோகும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவர் கடிதத்தின் நகலையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எந்த மருந்திலாவது சந்தேகம் இருந்தால் அட்டையோடு என் அறைக்கு வாருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்