கோப்ளினுக்கும் உயிர் வெல்லம்தானே!

ஃபேன்டஸி ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்குச் சண்டை விதி எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவுகளில் நாலு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறவன் நான்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம் அது. உங்கள் விதிகளோடு எனக்குப் பெரிய தகராறு எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை: எதிரிகளின் பயத்தை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டீர்கள். அதற்கு முன் போன மாதம் எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குகைக்குள் 6 கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். மூன்று சுற்றில் ஐந்து விழுந்தாயிற்று. மிச்சம் ஒன்று, 4 ஹிட் பாயின்டோடு (உயிர்ப் புள்ளிகளோடு) நிற்கிறது. அதன் முறை வந்ததும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் மாட்டிய குள்ள வீரன் மேல் பாய்ந்தது. குத்து படவில்லை. அந்த வீரனாக ஆடுகிறவர் திருப்பி வெட்டினார், பகடையில் 3 விழுந்தது; அதுவும் படவில்லை. மந்திரவாதியாக ஆடுகிறவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். இன்னொருவர் டீ போட எழுந்து போனார். அந்த ஒற்றைக் கோப்ளினை முடிக்க மேலும் மூன்று சுற்று, கால் மணி நேரம்.

ஒரு சுற்றுக்கு 6 வினாடி என்கிறது விதி. ஆக, கதைக்குள் அந்தச் சண்டை 36 வினாடி. மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆட்டத்தில் ஒன்ற முடியாமல் போவதற்கு இந்த இழுவைதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மணி நேரமும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சண்டைகளும் எங்களுக்கு உண்டு. அன்றைக்கு எங்களைக் கதையிலிருந்து வெளியே தள்ளியது அந்தக் கோப்ளின்தான். கூட்டாளிகள் ஐந்து பேர் செத்துக் கிடக்கும்போது எந்த உயிராவது அப்படிப் பாயுமா?

‘நடத்துகிறவன் நீதானே, ஓட வைத்திருக்கலாமே’ என்பீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் நானாக ஓட வைத்தால், பாவம் பார்த்து விட்டுக்கொடுத்துவிட்டான் என்று ஆடுகிறவர்களுக்குத் தோன்றும். பகடை சொல்லி ஓடினால் அது நிஜமாகவே ஓடுகிறது. விதி என்பதே இதற்குத்தானே?

இது நான் புதிதாகக் கேட்கிற வரமும் இல்லை. 1974-ல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு மூலம், 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற, சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டு. அடி வாங்கிய படை நிற்குமா சிதறுமா என்று பார்க்க அதிலேயே விதி இருந்தது. 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேசிக் புத்தகத்தில் ஒவ்வொரு உயிரினத்தின் விவரத்தோடும் மொரேல், அதாவது மனத்திடம், என்று 2 முதல் 12 வரை ஓர் எண் அச்சாகியிருக்கும். தன் பக்கத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப்பேர் விழுந்த பிறகும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டவேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரணாகதி. கோப்ளினுக்கு 7. ஒவ்வொரு சோதனையிலும் அது ஓடுவதற்கு 36-ல் 15 வாய்ப்பு.

எலும்புக்கூட்டுக்கோ 12. இரண்டு பகடையில் அதைத் தாண்டவே முடியாது. நான் மிகவும் ரசிக்கிற இடம் இது. மற்றவை எல்லாம் பயந்து ஓடும் உலகத்தில்தான் பயப்படாத ஒன்று வயிற்றைக் கலக்கும். எல்லாமே சாகும்வரை நின்று சண்டை போட்டால் எலும்புக்கூடும் கோப்ளினும் ஒன்றுதான், படம்தான் வேறு.

அப்புறம் என்ன ஆயிற்று? 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது இது டன்ஜன் மாஸ்டர் (ஆட்டம் நடத்துகிறவர்) கையேட்டின் கடைசி அத்தியாயத்துக்குப் போய், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்ற விருப்ப விதிகளில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது. உயிரினங்களின் விவரக் கட்டத்தில் அந்த எண்ணே இல்லை. வாள் வீச்சுக்கும் அம்பு போகும் தூரத்துக்கும் நுணுக்கமாகக் கணக்கு எழுதுகிற நீங்கள், பயத்துக்கு மட்டும் ‘பார்த்துக்கொள்’ என்று விட்டுவிட்டீர்களே.

போன சனிக்கிழமை அந்தப் பழைய எண்ணை எடுத்து வைத்து ஆடினோம். முதல் கோப்ளின் விழுந்ததும் எல்லோரும் பார்க்க உருட்டினேன். 9. மிச்சமிருந்த மூன்றும் ஈட்டிகளைப் போட்டுவிட்டு ஒரு பொந்துக்குள் நுழைந்தன. ‘விடாதீங்கய்யா, ஆள் கூட்டிட்டு வந்துடுவானுங்க!’ என்று குள்ள வீரர் நாற்காலியை விட்டு எழுந்தார். பொந்துக்குள் தலையை விடுவது யார் என்று ஒரு சண்டை. கைப்பேசிக்காரர் நிமிர்ந்து கேட்டார்: ‘அதுங்க பாஷை நம்மள்ல யாருக்காவது தெரியுமா?’

அடுத்த பதிப்பில் விவரக் கட்டத்தில் எனக்கு ஓர் எண்ணுக்கு இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்றால், கோப்ளினின் ஆயுதங்களில் ஒன்றைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு டன்ஜன் மாஸ்டர்