நுரை நிற்க மாட்டேன் என்கிறதா?

ஓசூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கும்பகோணத்திலேயே காப்பிக் கடை போடுகிறானா உன் மகன்? திருநெல்வேலிக்கே அல்வா என்பது இதுதான். துணிச்சல்காரன், நன்றாக இருக்கட்டும்.

'எல்லாம் சரியாக வருகிறது, நுரைதான் நிற்க மாட்டேன் என்கிறது' என்று எழுதியிருக்கிறாய். முதலில் பாலைப் பார்க்கச் சொல். டபராவிலிருந்து டம்ளருக்கு உயர்த்தி ஆற்றும்போது உள்ளே போவது வெறும் காற்று. அந்தக் காற்றைச் சுற்றித் தோல் போர்த்தி உடையாமல் வைத்திருப்பது பாலில் இருக்கும் புரதம். தண்ணீர் சேர்த்த பாலிலும் நுரை எழும்பும். ஆனால் பெரிய பெரிய குமிழியாக எழும்பி, மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடும். கெட்டிப் பாலில் எழுவது சன்னமான நுரை, உதட்டில் மீசை வைக்கும். நீ சின்ன வயதில் அந்த மீசையோடு பள்ளிக்கூடம் வந்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைத்தான் அவன் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஃபில்டரில் பொடியைப் போட்டுக் கொதிநீரை விட்டதும் மேலே குபுகுபுவென்று பொங்குகிறதா? வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு அது. புதுப் பொடி என்றால் பொங்கும். பழைய பொடி நனைந்து அப்படியே சப்பென்று கிடக்கும். வாடிக்கையாளர் டம்ளரின் மேல் உள்ள நுரையைப் பார்ப்பார், கடைக்காரன் ஃபில்டருக்குள் எழும் நுரையைப் பார்க்க வேண்டும். டம்ளர் நுரையைக் கை வித்தையால் வரவழைத்துவிடலாம், இதை முடியாது.

இங்கே எங்கள் வீட்டில் நுரைச் சண்டை வேறு மாதிரி. ஓசூர்க் குளிருக்கு மார்கழியில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. உளுந்தைப் பந்தாக அரைத்து, அந்த மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, அது வரைக்கும் சரி. அப்புறம் லூக்கோநாஸ்டாக் என்ற நுண்ணுயிரி வேலை செய்து வாயு விட வேண்டுமே, அதற்குச் சூடு வேண்டாமா? உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்தால்தான் இட்லி பூவாக வரும். என் மனைவி பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துகிறாள். எனக்குப் போர்த்த அது மிஞ்சுவதில்லை.

இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்களாமே, நிம்மதி. என்ன பொருத்தமான பெயர் பார், நுரை போன்ற ஈரல்! உள்ளே முப்பது கோடிக்கும் மேல் சின்னச் சின்னக் காற்றறைகள். கறிக்கடையில் ஆட்டு நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதப்பதைப் பார்த்திருப்பாயே. நீ மாடிப்படி ஏறினால் நுரை தள்ளுகிறது என்று எழுதியதற்குக் காரணம் அது இல்லை என்று ஆகிவிட்டது. தொப்பையைத்தான் விசாரிக்க வேண்டும். பாரம் இழுத்த மாட்டுக்கு வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்துச் சொன்ன பேச்சு, இப்போது ஆபீஸ் வேலைக்கும் அதே பேச்சு.

இவ்வளவு நுரையைப் பற்றிச் சொல்லிவிட்டு எங்கள் ஊர் நுரையைச் சொல்லாமல் விட முடியாது. நந்தி மலைப் பக்கம் பிறந்து பெங்களூரின் ஓரமாக வருகிற தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் ஆற்றை மறைத்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று நுரை. காற்றடித்தால் துண்டு துண்டாகப் பறக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பனி போல இருக்கிறது என்று செல்ஃபி எடுக்கிறார்கள். கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டும். சாக்கடையும் ஆலைக் கழிவும் சோப்புத் தூளும் சேர்ந்த தண்ணீர் மதகில் விழுந்து அடிபடும்போது காற்றைப் பிடித்துக்கொள்கிறது, டபராவில் ஆற்றும் அதே வேலைதான். அங்கே பால் புரதம் பிடிக்கிறது, இங்கே சோப்பு பிடிக்கிறது. நுரைமேல் தண்ணீர் தெளித்து அமுக்குவதை ஒரு மருந்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். பெங்களூரில் சுத்திகரித்து அனுப்பாமல் இங்கே என்ன தெளித்து என்ன? இந்தத் தண்ணீர்தான் கால்வாய் வழியாக வயலுக்கும் போகிறது.

சரி, கடை திறக்கிற தேதி முடிவானதும் சொல். வராமல் இருக்க மாட்டேன். அவன் கொட்டை வாங்கும் இடத்தில் அரைக்காத கொட்டை அரைக் கிலோ எனக்கும் எடுத்து வைக்கச் சொல். இங்கே கை மில் இருக்கிறது, அவ்வப்போது நானே அரைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்