சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிக்காதே என்று சொல்ல நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் ஒரு பையன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடிக்காமல் வேறு எங்கே போய் உட்காருவான் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சிமெண்டு மேசை. தினமும் ஐந்தாறு பேர், காலடியில் பீர் டின்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் குடிமேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது, கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள், அதனால் போகிறார்கள். பக்கத்திலேயே மண்டபம் இருக்கிறது, தரையில் பூப்பந்துக் கோடுகூடப் போட்டிருக்கிறார்கள், ஆனால் கதவில் பூட்டு, கோட்டின் மேல் கல்யாண நாற்காலிகள்!

1947இல் கெடா மாநிலத் தோட்டங்களில், கள்ளுக் குடியை எதிர்த்த நம் தமிழ் இளைஞர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். எதிரே ஒரு கடை இருந்தது, அதை மூடச் சொன்னார்கள். இன்றைக்கு எந்தக் கடை வாசலில் போய் நிற்பது? 2017 டிசம்பரில் மலேசியாவில் மது வாங்கும் வயதை 21ஆக உயர்த்தினார்கள், நல்லதுதான், ஆனால் அதற்கு முன்பே பழக்கிவிடுவது நாம்தானே. பிறந்தநாள் விருந்தில் "தம்பி, அந்த ஐஸ் வாளியை எடுத்து வா" என்று பத்து வயதுப் பிள்ளையை ஏவுகிறோம், பதினாறாம் நாள் காரியத்தில்கூடப் பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டாகிவிடுகிறது. அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று அங்கே ஒருவர் விளக்கமும் கொடுப்பார். ஆனால் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

குறைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் வாங்கி வைக்காதீர்கள், வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், வாரத்தில் எந்தெந்த நாள் தொடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் அதிகம் குடித்தவர் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். முதலில் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். நம் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், ஞாயிறு காலையில் தாவரவியல் பூங்கா பக்கம் வந்து பாருங்கள். மூன் கேட் என்ற வளைவு வாசலிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் பாதையில் எழுபது வயதுச் சீனப் பாட்டிகள் தடியூன்றி நம்மை முந்திக்கொண்டு போகிறார்கள். காசு கிடையாது, துணைக்கு ஒரு கூட்டாளி இருந்தால் போதும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: வாரத்தில் மூன்று நாளாவது ராத்திரி பத்து மணிவரை மண்டபத்தைத் திறந்து வையுங்கள். விளக்குச் செலவுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி போடுகிறோம், நாற்காலிகளை நாங்களே எடுத்து ஓரமாக அடுக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு