கட்டுரை வரைவு அனுப்புபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வடசென்னை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு இதுவரை வந்த வரைவுகளைப் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் "வடசென்னை ஒரு தொழிலாளர் பகுதி" என்றே தொடங்குகின்றன. சரி, ஆய்வுக் கேள்வி எங்கே? பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், 1921-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததும் தெரிந்த செய்திதான். அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாக ஏன் பிளவுபட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆய்வு அங்கே தொடங்கும்.

முந்தைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று வரிசை கட்டாதீர்கள். யார் யாரோடு முரண்படுகிறார், அதில் நீங்கள் எங்கே நுழைகிறீர்கள் என்று சொல்லுங்கள். பக்க எண்ணை அப்போதே குறித்துவையுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டு, ஒரே ஒரு வரிக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மறுபடி போனேன். மே மாத வெயில் வேறு.

காசிமேட்டில் பேட்டி எடுத்தவர்களுக்கு: "மீனவர்கள் கருதுகிறார்கள்" என்று பொதுவாக எழுத வேண்டாம். கூடையில் மீன் விற்கும் அக்காவும் விசைப்படகு முதலாளியும் ஒன்றையா சொல்வார்கள்? எத்தனை பேர், என்ன வேலை செய்பவர்கள் என்று எழுதுங்கள். பெயரை மாற்றிவிட்டுப் படகு எண்ணை அப்படியே போட்டிருக்கிறார் ஒருவர். எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதை உடனே எடுத்துவிடுங்கள்.

முன்னுரையைக் கடைசியில் எழுதலாம், தப்பில்லை. ஞாயிறு இரவுக்குள் வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் படிக்க முடியவில்லை.