பயிற்சியாளர் சரிபார்ப்பு: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். அடுத்த மாதம் முதல் நம் வாலிபால் பயிற்சியில் வேலை செய்யும் எல்லோரும், கோச் மட்டுமல்ல, வேன் டிரைவரும் வாட்ச்மேனும்கூட, காவல்துறை சரிபார்ப்புச் சான்று தந்தாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் விளையாட்டு அகாடமிகளைக் குறிப்பிட்டே இதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒருமுறை வாங்கி ஃபைலில் வைத்தால் போதாது, அவ்வப்போது திரும்பவும் பார்க்க வேண்டும். "தெரிந்த தம்பிதானே" என்று தயவுசெய்து யாருக்கும் விலக்கு கேட்காதீர்கள். விண்ணப்பத்தை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே போடலாம்.

அப்புறம், இதுவரை யாரும் புகார் தராத ஒருவரைப் பற்றிச் சான்றில் எதுவும் இருக்காது. அதனால் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றுவது, பெற்றோர் இல்லாத வாட்ஸ்அப் பேச்சு, மூடிய அறையில் மசாஜ் மூன்றுக்கும் அனுமதி இல்லை. வெளியூர் மேட்சுக்கு ஓர் அம்மா கண்டிப்பாக உடன் வர வேண்டும்.

ஏதாவது உறுத்தினால் எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.